டிஜிட்டல் கையொப்பமும் பழைய படியும்

கணினி அறிவியல் பயிலும் மாணவன் என்று ஊரில் பெயர் பரவிவிட்டால் போதும். கைப்பேசிப் பழுது முதல் வருமானச் சான்றுக்கு விண்ணப்பிப்பது வரை எல்லாவற்றிற்கும் நம்மைத் தேடி வந்துவிடுவார்கள். மாணவத் தோழர்கள் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். சென்ற தேர்வு விடுமுறையில் என் தாய்மாமன் என்னைத் தேடி வந்ததும் அப்படித்தான். ஆனால் அவர் கொண்டுவந்த சிக்கலைத் தீர்க்க முற்பட்டபோதுதான், இரண்டு பக்கம் படித்துத் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு வந்த ஒரு பாடத்தை நான் உண்மையில் புரிந்துகொள்ளவே இல்லை என்பது விளங்கிற்று. புரிந்துகொண்டதை நம் கல்லூரி மலரில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

மாமா கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் வேலையை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்பவர். அரசு டெண்டர்களில் இணையவழிப் பங்குகொள்வதற்காக டிஜிட்டல் கையொப்பம் வாங்கி வைத்திருக்கிறார். கட்டைவிரல் அளவுள்ள 'டோக்கன்' ஒன்றில் அது இருக்கிறது. வெளியூர்க் கட்டுமான நிறுவனம் ஒன்று அவருக்கு ஒப்பந்தப் படிவத்தைப் பி.டி.எஃப். கோப்பாக அனுப்பியது. சதுர அடிக்கு என்ன விலை, எத்தனை நாளில் வேலை முடியும் என்ற இரண்டு கட்டங்களை நிரப்பிக் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். மாமா விலை 18 ரூபாய் என்றும், நாட்கள் 90 என்றும் நிரப்பிக் கையொப்பமிட்டு அனுப்பினார். நிறுவனமும் தன் கையொப்பத்தை இட்டுத் திருப்பி அனுப்பியது. பத்து நாள் கழித்து ஏதோ தேவைக்காக அதனைத் திறந்து பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இதென்ன மாப்பிள்ளை, நான் தொண்ணூறு நாள்னுதானே போட்டேன், இதிலே அறுபதுன்னு இருக்கே! நாள் தவறினால் ஒரு நாளைக்கு இரண்டாயிரம் பிடிப்போம்னு கீழே அச்சடிச்சிருக்கான்."

முப்பது நாளுக்கு அறுபதாயிரம் ரூபாய். அவருக்கு அந்த வேலையில் கிடைக்கக்கூடிய ஆதாயத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். நிறுவனத்திற்குத் தொலைபேசியில் கேட்டதற்கு, "நீங்கள் கையொப்பமிட்ட பிறகு நாங்கள் எதையும் தொடவில்லை, இரண்டு கையொப்பமும் செல்லும் என்று பச்சைக் குறி காட்டுகிறதே" என்று சொல்லிவிட்டார்கள். பச்சைக் குறி காட்டியது உண்மைதான். எனக்கும் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. கையொப்பமிட்ட பின் ஒரு எழுத்து மாறினாலும் கையொப்பம் செல்லாது என்றல்லவா படித்திருக்கிறோம்?

கையொப்பம் எதன்மீது இடப்படுகிறது?

கோப்பு என்பது கணினியைப் பொறுத்தவரை ஒரு நீண்ட எண்வரிசையே. அவ்வரிசையை ஒரு குறிப்பிட்ட கணக்கிற்கு உட்படுத்தினால், எவ்வளவு பெரிய கோப்பாயினும் ஒரே நீளமுள்ள ஒரு சிறு எண்ணாகச் சுருங்கிவிடும். இன்று பெரிதும் வழங்கும் எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறையில் அச்சுருக்கம் 256 பிட் நீளமுடையது. பதினாறு நிலை எண்களில் எழுதினால் 64 இலக்கம். மூலத்தில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் சுருக்கம் அடையாளமே தெரியாமல் மாறிப்போகும். சுருக்கத்திலிருந்து மூலத்தை மீட்கவும் இயலாது. கையொப்பமிடுபவரின் தனித்திறவியைக் கொண்டு இந்தச் சுருக்கத்தின்மீது செய்யும் கணக்கே டிஜிட்டல் கையொப்பம். அவருடைய பொதுத்திறவியைக் கொண்டு எவரும் அதனைச் சரிபார்க்கலாம். 1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் வெளியிட்ட கருத்தும், 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடெல்மன் ஆகிய மூவர் கண்ட ஆர்.எஸ்.ஏ. முறையும் இதற்கு அடிப்படை. நம் நாட்டில் 17-10-2000 அன்று நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் இம்முறைக்குச் சட்ட ஏற்பு வழங்கியது. இதுவரை பாடநூலில் உள்ளதே.

பாடநூலில் இல்லாத ஒரு கேள்வி அன்று எனக்கு எழுந்தது. கையொப்பம் கோப்புக்கு உள்ளேயேதான் இருக்கிறது. ஆனால் சுருக்கம் கணக்கிடும்போது அந்தக் கையொப்பம் இன்னும் பிறக்கவில்லை. பிறந்தபின் அதனைக் கோப்பில் வைத்தால் கோப்பு மாறிவிடுகிறது. கோப்பு மாறினால் சுருக்கம் மாறுகிறது. சுருக்கம் மாறினால் கையொப்பம் பொய்யாகிறது. வாலைக் கவ்வும் பாம்பு போன்ற இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தார்கள்?

தீர்த்த விதம் மிக எளியது. கோப்பின் நடுவே ஓர் இடைவெளியை முன்கூட்டியே விட்டுவைக்கிறார்கள். அந்த இடைவெளி நீங்கலாக, அதற்கு முன்னுள்ள பகுதிக்கும் பின்னுள்ள பகுதிக்கும் சேர்த்துச் சுருக்கம் கணக்கிடப்படுகிறது. பிறகு கையொப்பத்தை இடைவெளியில் இட்டு நிரப்புகிறார்கள். எந்தெந்தப் பகுதி கணக்கில் சேர்ந்தது என்பதை 'பைட் ரேஞ்ச்' என்ற பெயரில் நான்கு எண்களாகக் கோப்பிலேயே எழுதி வைக்கிறார்கள். சாதாரண நோட்பேடில் கோப்பைத் திறந்து தேடினாலே, புரியாத குறிகளுக்கு நடுவில் அது கிடைத்துவிடும். மாமாவின் கையொப்பத்திற்கு உரிய நான்கு எண்கள் இவை: 0, 88120, 104504, 1930.

இதன் பொருள் யாதெனில், கோப்பின் தொடக்கத்திலிருந்து 88,120 பைட்டுகள் சேர்த்தி. அங்கிருந்து 104,504 வரை இடைவெளி. அதற்குப் பின் 1,930 பைட்டுகள் சேர்த்தி. 104,504உடன் 1,930ஐக் கூட்டினால் 106,434. அஃதாவது மாமா கையொப்பமிட்டபோது இருந்த கோப்பின் மொத்த நீளம் 106,434 பைட்டுகள். ஆனால் இப்போது எங்கள் கையிலிருந்த கோப்பின் நீளமோ 128,300! மாமாவின் கையொப்பம் முதல் 106,434 பைட்டுகளுக்குத்தான் சாட்சி. மீதமுள்ள 21,866 பைட்டுகளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பச்சைக் குறியின் மருமம் இங்கே இருந்தது.

இரண்டாம் கையொப்பத்தின் எண்களையும் பார்த்தேன்: 0, 109870, 126254, 2046. கூட்டிப் பார்த்தால் சரியாக 128,300. நிறுவனத்தின் கையொப்பம் முழுக் கோப்பிற்கும் சாட்சி. இதிலொரு வேடிக்கை உண்டு. முழுக் கோப்பில் மாமாவின் 90ம் அடக்கம். பின்னால் வந்த 60ம் அடக்கம். இரண்டும் கோப்பில் உள்ளன என்பதற்கு நிறுவனமே தன் திறவியால் சாட்சி சொல்லியிருக்கிறது.

தாத்தா சொன்ன விளக்கம்

அருகில் அமர்ந்திருந்த என் தாத்தா சார்பதிவாளர் அலுவலகத்திற்கு எதிரில் நாற்பது ஆண்டுகள் பத்திர எழுத்தராக இருந்தவர். கணினியைத் தொட்டதில்லை. நான் மாமாவிற்கு விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "பதிந்த பத்திரத்தில் யாராவது கை வைப்பார்களா? பிழை திருத்தல் பத்திரம்தானே எழுதுவோம்" என்றார்.

அவர் சொன்னது பொருத்தமான விளக்கமாக எனக்குப் பட்டது. பதிவாகாத பத்திரத்தில் ஒரு சொல்லை அடித்தோ திருத்தியோ எழுதினால், எத்தனையாவது பக்கம், எத்தனையாவது வரி என்று அடியில் குறித்து, எழுதிக் கொடுப்பவர் கையொப்பமிட வேண்டும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவும் அதனையே கூறுகிறது. ஆனால் பதிவாகிவிட்ட பத்திரத்தைத் தொட முடியாது. சர்வே எண் தவறியிருந்தால், "இன்ன ஆண்டு இன்ன எண்ணாகப் பதிவான பத்திரத்தில் இன்னவாறு இருப்பதை இன்னவாறு படித்துக்கொள்ள வேண்டியது" என்று இன்னொரு பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். பழையது பழையபடியே இருக்கும். புதியது பழையதைச் சுட்டிக்கொண்டு பின்னால் நிற்கும்.

பி.டி.எஃப். கோப்பு சேமிக்கப்படும் விதமும் இதுவே. 1993இல் அடோபி நிறுவனம் வெளியிட்டு, 2008இல் உலகத் தர அமைப்பின் ஏற்பைப் பெற்ற இந்தக் கோப்பு வகையில், ஒவ்வொரு எழுத்துக் கட்டமும் படமும் பக்கமும் எண்ணிட்ட தனித்தனிப் பொருள்களாகும். எந்தப் பொருள் கோப்பில் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்று காட்டும் அட்டவணை ஒன்று கோப்பின் இறுதியில் இருக்கும். மாற்றம் செய்து சேமிக்கும்போது பழைய பொருளை மென்பொருள் அழிக்க வேண்டியதில்லை. மாறிய பொருளை மட்டும் கோப்பின் வாலில் ஒட்டி, அதற்கொரு புதிய அட்டவணையையும் சேர்த்து, "இதற்கு முந்தைய அட்டவணை இன்ன இடத்தில் இருக்கிறது" என்று ஒரு சுட்டியையும் எழுதிவிட்டால் போதும். கோப்பைத் திறக்கும் மென்பொருள் கடைசியிலிருந்து படித்துக்கொண்டு வரும். நாட்கள் என்ற கட்டத்திற்குப் புதிய அட்டவணையில் 60 என்று கண்டால் அதையே காட்டும். பழைய 90 அழியவில்லை. கேட்பாரற்றுக் கிடக்கிறது, அவ்வளவே.

கையொப்பம் இல்லாத கோப்பில் இவ்வாறு ஒட்டிச் சேர்ப்பது மென்பொருளின் வசதிக்காக மட்டுமே. வேண்டுமானால் முழுவதையும் புதிதாக எழுதிப் பழையனவற்றைக் கழித்துவிடலாம். கையொப்பம் விழுந்த மறுகணம் அந்தச் சுதந்திரம் போய்விடுகிறது. கையொப்பம் காக்கும் பகுதியில் ஒரு பைட்டு நகர்ந்தாலும் சுருக்கம் பொருந்தாது, கையொப்பம் முறிந்துவிடும். ஆகவே கையொப்பத்தை முறிக்காமல் மாற்றம் செய்ய ஒரே வழி, வாலில் ஒட்டுவது. கையொப்பம் பழைய படியை எங்கோ பெட்டியில் பூட்டி வைப்பதாக நினைத்துவிடக் கூடாது. பழையதைத் தொட்டால் அகப்பட்டுக்கொள்வோம் என்ற நிலையை அது உண்டாக்குகிறது. அதனாலேயே பழைய படி பிழைத்திருக்கிறது.

இதனை அறிந்தபின் செய்ய வேண்டியது சிறு வேலைதான். கோப்பின் முதல் 106,434 பைட்டுகளை மட்டும் வெட்டி எடுத்து வேறு பெயரில் சேமித்தேன். ஒற்றை வரிக் கட்டளை போதும். திறந்து பார்த்தால் விலை 18, நாட்கள் 90, கீழே மாமாவின் கையொப்பம் மட்டும். அக்கையொப்பத்தைச் சரிபார்த்தபோது, கையொப்பமிட்ட பின் எந்த மாற்றமும் இல்லை என்று வந்தது. உண்மையில் இவ்வளவு பாடுபடத் தேவையே இல்லை. அடோபி ரீடரில் கையொப்பப் பலகத்தைத் திறந்தால், ஒவ்வொரு கையொப்பத்தின் கீழும் அது இடப்பட்டபோது இருந்த படியைக் காணும் வசதி உள்ளது. மாமாவின் பச்சைக் குறிக்கு அடியில், கையொப்பம் காக்கும் படி மாறவில்லை, ஆயினும் பின்னர் மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன என்ற பொருளில் ஒரு வரி சிறிய எழுத்தில் இருந்தது. படிவக் கட்டங்களை நிரப்புவது பொதுவாக அனுமதிக்கப்பட்ட மாற்றம் என்பதால் மென்பொருள் எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. சிறிய எழுத்தை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்?

இரு படிகளையும் இணைத்து நிறுவனத்திற்கு மின்னஞ்சல் அனுப்பினோம். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. வேறொரு கட்டடத்திற்குரிய ஒப்பந்தத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்தவர் தவறாக மாற்றிவிட்டாராம். தவறா, வேண்டுமென்றே செய்ததா என்று கோப்பு சொல்லாது. நானும் சொல்ல மாட்டேன். புதிய ஒப்பந்தம் அனுப்புவதாக எழுதியிருந்தார்கள்.

16 ரூபாய்

இத்துடன் முடிந்திருந்தால் மகிழ்ச்சியாக இருந்திருக்கும். ஆனால் எனக்கு ஆர்வம் அடங்கவில்லை. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் கோப்பின் முடிவைக் குறிக்க 'ஈ.ஓ.எஃப்.' என்ற குறி எழுதப்படும். அக்கோப்பில் அது ஐந்து இடங்களில் இருந்தது. கடைசிக் குறி நிறுவனத்தின் மாற்றமும் கையொப்பமும். நான்காவது மாமாவின் கையொப்பம். முதலாவது வெற்றுப் படிவம். இடையில் இரண்டும் மூன்றும் என்ன? இரண்டாவது குறியோடு வெட்டித் திறந்தேன். நாட்கள் 90; விலை 16.

மாமாவைக் கேட்டேன். முதல் நாள் இரவு 16 என்று நிரப்பிச் சேமித்தாராம். மறுநாள் காலை கூலியைக் கணக்குப் பார்த்துக் கட்டாது என்று தெரிந்து 18 என்று மாற்றிச் சேமித்து, பிறகு கையொப்பமிட்டாராம். அவர் கணக்கில் 16 அழிந்து போன எண். கோப்பின் கணக்கில் அது முதல் 88,120 பைட்டுகளுக்குள் உள்ள எண். அதன்மீது அவரே கையொப்பமிட்டு, இனி எவரும் எடுக்க முடியாதபடி செய்து, பேரம் பேசும் எதிர்த் தரப்பிடமே அனுப்பியும் விட்டார்.

அதைக் கேட்டவுடன் மாமாவின் முகம் மாறியதை என்னால் மறக்க இயலவில்லை. அறுபதாயிரம் தப்பியது என்று மகிழ்ந்தவர், "அப்போ நான் பதினாறுக்கே சம்மதிச்சிருப்பேன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்றார். தெரிந்திருக்கத் தேவையில்லை, ஆனால் தெரிந்துகொள்ள முடியும். அவரைக் காத்ததும் இப்போது காட்டிக் கொடுப்பதும் ஒரே ஏற்பாடுதான். மென்பொருளுக்கு எது நாம் காக்க விரும்பும் படி, எது மறக்க விரும்பும் படி என்று தெரியாது.

கையொப்பமிடுவதற்கு முன் என்ன செய்திருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'வேறாகச் சேமி' என்ற கட்டளையால் கோப்பைப் புதிதாக எழுதச் செய்திருந்தால், பொதுவாகப் பழைய பொருள்கள் கழிந்திருக்கும். இன்னும் உறுதி வேண்டுமானால் வெற்றுப் படிவத்திலிருந்து மறுபடி தொடங்கியிருக்கலாம். கையொப்பமிடும்போது, கையொப்பத்திற்குப் பின் ஆவணத்தைப் பூட்டும் வசதி இருந்தால் அதனைத் தேர்ந்திருக்கலாம். அதன்பின் கட்டத்தை மாற்றினால் மென்பொருள் வெளிப்படையாகவே எச்சரிக்கும். ஆவணத்தை உருவாக்குபவர் முதற் கையொப்பத்திலேயே, இனி மாற்றம் கூடாது என்றோ, படிவம் நிரப்பலும் கையொப்பமும் மட்டும் ஆகலாம் என்றோ, குறிப்பு எழுதுவதும் ஆகலாம் என்றோ மூன்று நிலைகளில் ஒன்றை விதிக்கவும் முடியும்.

பச்சைக் குறியைக் கண்ணை மூடி நம்பலாமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஜெர்மனியின் போகம் நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் இதனைச் சோதித்தார்கள். வாலில் ஒட்டும் பகுதியை வேண்டுமென்றே அரைகுறையாக எழுதுவது போன்ற தந்திரங்களால், மாற்றிய கோப்பையும் மாறாததாக மென்பொருளை நம்ப வைக்க முடிந்தது. அவர்கள் சோதித்த 22 கணினி மென்பொருள்களில் 21 ஏமாந்தன. பின்னர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், கையொப்பத்திற்கு முன்பே மறைவான உள்ளடக்கத்தை வைத்துவிட்டு, கையொப்பத்திற்குப் பின் அதனை வெளிக்கொணரும் முறையைக் காட்டினார்கள். குறைகள் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கப்பட்டுத் திருத்தங்கள் வந்தன. இங்கெல்லாம் தோற்றது கையொப்பக் கணக்கு அன்று. அதனைப் படித்துச் சொல்லும் மென்பொருளே.

இன்னொன்று. மாமா முதலில் என்னிடம் நீட்டியது கோப்பையன்று, ஜெராக்ஸ் கடையில் எடுத்த அச்சுப்படியை. நம் அலுவலகங்களிலும் டிஜிட்டல் கையொப்பமிட்ட சான்றினை அச்செடுத்துத்தான் கேட்கிறார்கள். அதிலுள்ள பச்சைக் குறியோ மஞ்சள் கேள்விக்குறியோ வெறும் படம். தாளில் பைட்டுகள் இல்லை; பழைய படியும் இல்லை. தாளை வைத்துக்கொண்டு நாங்கள் எதையும் மெய்ப்பித்திருக்க முடியாது. கையொப்பத்தில் காணும் நேரமும், தனியே நேர முத்திரை பெறாவிட்டால், கையொப்பமிட்டவரின் கணினிக் கடிகாரம் காட்டிய நேரம்தான்.

புதிய ஒப்பந்தம் வந்தது. வெற்றுப் படிவத்தை நானே திறந்து கொடுத்தேன். மாமா விலையையும் நாட்களையும் முதலில் ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, ஒரே முறை நிரப்பி, பூட்டும் கட்டத்தில் குறியிட்டுக் கையொப்பமிட்டார். வேலையும் எழுபத்தெட்டு நாளில் முடிந்தது. பழைய கோப்பை எங்கள் கணினியிலிருந்து அழித்துவிடலாமா என்று கேட்டேன். "நம்மகிட்ட இருக்கறதை அழிச்சு என்ன பண்றது? அவன்கிட்ட இருக்கே" என்றார். அடுத்த கட்டடத்திற்கு விலை கேட்டு அதே நிறுவனம் சென்ற மாதம் எழுதியிருக்கிறது. மாமா இன்னும் பதில் அனுப்பவில்லை. 18 என்று போடுவதா, 19 என்று போடுவதா என்று காகிதத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.